திசையன்விளைக் கிளையில் நாற்பது நிமிடம்

நம் ஆஸ்பத்திரிக் கணினிப் பிரிவின் வாட்ஸப் குழுவிலிருந்து என்னை இன்னும் நீக்காமல் வைத்திருக்கிறீர்கள். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. மரியாதைக்காக வைத்திருக்கிறீர்களா, மறந்துவிட்டீர்களா தெரியவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. போன வாரம் உங்களில் ஒருவர் எழுதியிருந்தார்: ‘டேப்லெட்டில் நெட் வரவில்லை என்று கூப்பிடுகிற அத்தனை பேரும் பொய் சொல்கிறார்கள். எதுவுமே போடவில்லை என்பார்கள். போய்ப் பார்த்தால் உள்ளே ஓர் இலவச வி.பி.என். சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும்.’ அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். பழக்கதோஷத்தில் நானும் ஒன்றைப் போட்டேன். போட்ட பிறகுதான் யாரைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று உறைத்தது.

பொய் சொல்கிறார்கள் என்பது உண்மைதான். யார் அவர்களுக்கு அதைக் கற்றுக் கொடுத்தது? மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. நம் ஆஸ்பத்திரியில் நான்தான் கற்றுக் கொடுத்தேன். ஓர் ஆள் செத்துப்போகும் அளவுக்கு நன்றாகக் கற்றுக் கொடுத்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தொழில் கற்றது கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில். எனக்கு மேலே இருந்தவர் கணினியைப் பற்றி மலையளவு சொல்லிக் கொடுத்தார். மனிதர்களைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்.

“ஏலே, மெஷினுக்கு ஆயிலு, மனுசனுக்குப் பயம். ரெண்டும் காயாமப் பாத்துக்கிட்டியன்னா வேலை தன்னால ஓடும்.”

அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அங்கே அது ஓடவும் செய்தது. அங்கே ஒருவன் தப்பை மறைத்தால் ஓர் இயந்திரம் அரை நாள் நிற்கும், மேலாளர் கத்துவார், அவ்வளவுதான். அந்த வாக்கை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தேன். அதுதான் முதல் தப்பு.

நீங்கள் வந்தபோது எல்லாம் ஒழுங்காகிவிட்டிருந்தது. அதனால் அந்தக் காலத்து ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். தலைமை ஆஸ்பத்திரி திருநெல்வேலியில். களக்காடு, திசையன்விளை என்று சுற்று ஊர்களில் சின்னச் சின்னக் கிளைகள். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு டேப்லெட். நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு இ.சி.ஜி. எடுத்தால் படம் அந்த டேப்லெட்டில் விழும். அங்கிருந்து நம் வி.பி.என். வழியாக, அதாவது இணையத்துக்குள் ஆஸ்பத்திரிக்கென்று போட்டிருந்த தனிப்பாதை வழியாக, திருநெல்வேலியில் இருக்கும் இருதய மருத்துவரின் திரைக்கு வரும். அவர் பார்த்துச் சொன்னால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைக் கிளையிலேயே போட்டுவிடலாம். அவர் சொல்லாமல் போடக் கூடாது. வேறு வலியோடு வந்தவருக்குத் தவறிப் போட்டுவிட்டால் அந்த ஊசியே ஆளை முடித்துவிடும்.

ஒரு டேப்லெட்டில் ஒரு நேரத்தில் ஒரு வி.பி.என்.தான் ஓடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்காது. யாராவது தடைசெய்த தளத்தைப் பார்க்க வேறொன்றைப் போட்டு ஓடவிட்டால் நம்முடையது வெளியே நிற்கும். அப்படி யாரும் எதையும் போட முடியாமல் பூட்டி வைக்கும் மென்பொருளை நான் கேட்டிருந்தேன். நிர்வாகம் இழுத்தடித்தது. பூட்டு வரும்வரை என் ஏச்சையே பூட்டாக வைத்துக்கொண்டேன்.

களக்காட்டுக் கிளையில் முருகேசன் என்று ஒரு லேப் டெக்னீஷியன். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். ஒரு நாள் காலையில் அவரே கூப்பிட்டார். “சார், கிரிக்கெட் பாக்கதுக்கு ஒரு வி.பி.என். போட்டேன். இப்ப நம்ம புரோகிராம் தெறக்க மாட்டேங்கு. என் தப்புதான். என்ன செய்யணும்னு சொல்லுங்க” என்றார். இதைவிடச் சுத்தமான புகாரை அதற்குப் பிறகு என் வேலையில் நான் பார்த்ததே இல்லை. என்ன நடந்தது, யார் செய்தது, எப்போது என்று மூன்றும் அதில் இருந்தது. அரை நிமிடத்தில் போனிலேயே முடித்திருக்கலாம். நான் வண்டியை எடுத்துக்கொண்டு களக்காடு போனேன்.

“யாரைக் கேட்டுவே போட்டீரு? ஒமக்குக் கிரிக்கெட் பாக்கணும்னா வீட்டுல போயிப் பாரும்! இது என்ன ஒம்ம வீட்டு டிவியா?”

நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கையில் ரத்தம் எடுத்த சோதனைக்குழாய் இருந்தது. அதைக் கீழே வைக்கவும் முடியாமல், என்னைப் பார்க்கவும் முடியாமல் நின்றார். அதோடு நான் விட்டேனா? ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, ‘அனுமதியின்றி வி.பி.என். போட்டது என் குற்றம், இனிச் செய்தால் வேலையை விட்டு நீக்கலாம்’ என்று கைப்பட எழுதி வாங்கினேன். அதைப் படம் எடுத்து எல்லாக் கிளைகளின் குழுவிலும் போட்டேன். கூடவே என் பெயரில் ஒரு சுற்றறிக்கை: டேப்லெட்டில் எதையும் போடக் கூடாது, நோயாளியின் எந்தப் படத்தையும் சொந்தப் போனில் எடுக்கக் கூடாது, மீறினால் இதே கதிதான்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது எனக்குள் ஒரு நிறைவு இருந்தது. பொய் சொல்ல வேண்டாம் என்பதற்காக இதையும் எழுதுகிறேன். அதற்குப் பிறகு எந்தக் கிளையிலிருந்தும் ‘வி.பி.என். போட்டுவிட்டேன்’ என்று ஓர் அழைப்புகூட வரவில்லை. அடுத்த கூட்டத்தில் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு பகல், பன்னிரண்டரை இருக்கும், திசையன்விளைக் கிளையிலிருந்து போன். நர்ஸ் சகாயராணி. கடற்கரை ஊர்க்காரி, நாற்பது வயதுக்குள். ஊசி போட்டால் குழந்தைகூட அழாது என்று அந்தப் பக்கத்தில் பெயர் வாங்கியவள்.

“சார், இ.சி.ஜி. போக மாட்டேங்கு. சுத்திக்கிட்டே கெடக்கு.”

“ஆளு இருக்காரா, சும்மா டெஸ்ட்டா?”

“ஆளு இருக்காரு சார். நெஞ்சுவலி. லோடு ஆட்டோவுல வந்து எறங்கி அவராத்தான் நடந்து வந்தாரு. டாக்டர் வெரசா வேணும்ங்காரு.”

“நெட் வருதா?”

“வருது சார். கூகுள் தெறக்கு.”

“மேல சாவி அடையாளம் தெரியுதா, சிஸ்டர்?”

“தெரியுது சார்.”

வி.பி.என். ஓடுகிறது என்றால் திரையின் மேல் ஓரத்தில் ஒரு சின்னச் சாவி வரும். யாருடைய வி.பி.என். என்பதை அது சொல்லாது. விரலால் மேலிருந்து கீழே ஓர் இழுப்பு இழுத்தால் பெயர் தெரிந்துவிடும். ‘இழுத்து, என்ன பேரு இருக்குன்னு வாசிங்க’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டேன்:

“வேற எதையும் போட்டுத் தொலைக்கலியே?”

டேப்லெட்டை அவள் விரலால் தட்டும் சத்தம் கேட்டது.

“இல்ல சார். எதும் போடல.”

நம்பினேன். அந்தக் கடிதத்துக்குப் பிறகு எவருக்குத் துணிச்சல் வரும்? என் மிரட்டலின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. இணையம் இருக்கிறது, சாவி இருக்கிறது, யாரும் எதையும் போடவில்லை. அப்படியானால் கோளாறு நம் பக்கம்தான் என்று சர்வர் அறைக்கு ஓடினேன். அங்கே எல்லாம் சரியாக இருந்தது. களக்காட்டைக் கூப்பிட்டேன். முருகேசன்தான் எடுத்தார். “எல்லாம் ஓடுது சார், நாங்க ஒண்ணும் தொடல சார்” என்று கேட்பதற்கு முன்பே சொன்னார். அப்படியானால் திசையன்விளையின் சிம் கார்டு என்று நினைத்தேன். டேப்லெட்டை அணைத்துப் போடச் சொன்னேன். போட்டாள். சாவி வந்தது, படம் போகவில்லை. சிம்மை மாற்றச் சொன்னேன். மாற்றினாள். சாவி வந்தது, படம் போகவில்லை.

போனை அவள் ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். அதனால் அந்த அறை எனக்குக் கேட்டது. நோயாளியின் பெயர் தங்கராஜ். முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிற வழியில் வலி வந்திருக்கிறது. “எனக்கு இப்பக் கொஞ்சம் தேவலை டாக்டரே. காயி வெயில்ல கெடக்கு, வாடிப் போவும்” என்று அவர் சொல்வது கேட்டது. அவர் மனைவி, “நீங்க பேசாமப் படுங்க” என்று அதட்டினாள். கொஞ்சம் பொறுத்து அதே குரல் வேறு மாதிரிக் கேட்டது. “இவ்ளோ நேரமா அந்தப் பலகையில என்னம்மா பாக்கிய? ஊசி போடுங்களேன்மா.”

பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம் ஆனபோது பணி மருத்துவர் போனை வாங்கினார். சின்ன வயசு. வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

“சார், ஸ்கிரீன்ல படம் நல்லாத் தெளிவா இருக்கு. பெரிய டாக்டரு லைன்ல இருக்காரு, படம் பாக்காமச் சொல்ல முடியாதுங்காரு. நான் என் போன்ல ஒரு போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பிரட்டுமா?”

இந்த இடத்தில் நிறுத்தி வாசியுங்கள். ஒரு மருத்துவர், கண் முன்னால் மாரடைப்போடு ஓர் ஆள் படுத்திருக்கும்போது, படம் எடுக்கலாமா என்று கணினிக்காரனிடம் அனுமதி கேட்கிறார். அவர் சேர்ந்த அன்று கிளையில் முதலில் காட்டியதே முருகேசனின் கடிதத்தைத்தானாம். பின்னால் தெரிந்துகொண்டேன்.

“ரெண்டு நிமிசம் டாக்டர். இந்தா சரியாயிரும்” என்றேன்.

நோயாளியின் அந்தரங்கம் காக்கும் சட்டத்துக்காகச் சொன்னேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். என் ஏற்பாடு ஒரு நாளும் தவறாது என்று நிர்வாகத்திடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தேன். நெஞ்சுவலிக்காரரின் படம் எவனோ ஒருவன் போன் வழியாகப் போய்ச் சேர்ந்தது என்றால் என் மூக்கு அறுபடும். அந்த மூக்கைக் காப்பாற்றத்தான் இரண்டு நிமிடம் கேட்டேன். இந்தத் தொழிலில் நாம் கேட்கும் இரண்டு நிமிடத்துக்கு அளவே கிடையாது என்று உங்களுக்கும் தெரியும்.

மறுபடி அணைத்துப் போடு, மறுபடி சோதி என்று ஓடியது. நடுவில் என் குரல் உயர்ந்திருந்தது. “நான் சொல்லுதது காதுல விழுதா இல்லியா?” என்று ஒரு தடவை கத்தினேன். அப்போதுதான் தங்கராஜ் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் மனைவி ‘யேசுவே, யேசுவே’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். சகாயராணி அழ ஆரம்பித்தாள்.

“சார்… நான் ஒண்ணு போட்டுருக்கேன் சார். வி.பி.என். போட்டுருக்கேன். நீங்க பேசும்போதே நாலு தடவ அணைச்சுப் பாத்துட்டேன். அது திரும்பத் திரும்பத் தன்னால வந்துருது சார்.”

அவள் கணவன் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தான். அங்கே முகம் பார்த்துப் பேசும் அழைப்புகளுக்குத் தடை என்பதால் அந்தப் பக்கத்து ஆட்கள் இலவச வி.பி.என். போட்டுப் பேசுவார்கள். இந்தப் பக்கம் அது தேவையே இல்லை. ஆனால் நம் கடற்கரை ஊர்களிலும் மேலப்பாளையம் பக்கத்திலும் பல வீடுகளில், இரண்டு முனையிலும் போட்டால்தான் முகம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. லீவில் வரும் ஆண்கள் சோப்பும் பேரீச்சம்பழமும் கொடுப்பது மாதிரி இதையும் வீட்டுப் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவனுக்குப் பேச நேரம் கிடைப்பது நம் மத்தியானத்தில். அந்த நேரத்தில் அவள் வேலையில் இருப்பாள். சொந்தப் போன் கல்லூரிக்குப் போகும் மகளிடம். அதனால் நோயாளிகள் இல்லாத பத்து நிமிடம் பார்த்து ஆஸ்பத்திரி டேப்லெட்டில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். பேசி முடித்ததும் ஒழுங்காக அணைத்தும்விடுவாள். அந்த வாரம் அழைப்பு அடிக்கடி அறுந்ததால், ‘எப்போதும் இயங்கட்டும்’ என்ற பொத்தானை அழுத்தச் சொல்லியிருக்கிறான். அழுத்திவிட்டாள். அதை எங்கே போய் எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

எங்கே என்று சொன்னேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்தச் சாவி போய் நம் சாவி வந்தது, படம் பறந்தது, இருதய மருத்துவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு “போடு, போடு, ஒடனே போடு” என்று கத்தினார். அவள் முதலில் என்னைக் கூப்பிட்டதிலிருந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. ஊசி ஏறியது. வேறொரு நோயாளியைத் திருநெல்வேலியில் இறக்கிவிடப் போயிருந்த கிளையின் ஆம்புலன்ஸும் அதற்குள் திரும்பி வந்திருந்தது. ஏற்றினார்கள். நாங்குநேரி வருவதற்குள் தங்கராஜின் இருதயம் நின்றுவிட்டது. வண்டியில் கூடப் போய் நெஞ்சை அமுக்கிக்கொண்டே வந்தவள் சகாயராணிதான்.

நாற்பது நிமிடம் முன்னால் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று இருதய மருத்துவரிடம் தனியாகக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உறுதியா யாரும் சொல்ல முடியாது. ஆனா அவருக்கு நல்ல வாய்ப்பு இருந்துச்சு” என்றார்.

விசாரணை வந்தது. அறிக்கை எழுதும் பொறுப்பு எனக்கு. ‘மூல காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு, நீங்களும் நிரப்பியிருப்பீர்கள். நான் எழுதினேன்: ‘பணியாளர் அனுமதியின்றி நிறுவிய வெளி வி.பி.என். கேட்டபோது பணியாளர் உண்மையை மறைத்தார்.’ ஒரு சொல்லும் பொய்யில்லை. மருத்துவர் போட்டோ அனுப்பக் கேட்டதை எழுதவில்லை. நான் இரண்டு நிமிடம் கேட்டதை எழுதவில்லை. முருகேசன் ஒரு நாள் தானாகவே உண்மையைச் சொன்னார் என்பதையும், அதற்கு நான் அவருக்குக் கொடுத்த கூலியையும் எழுதவில்லை. கட்டம் சின்னது என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சகாயராணியை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த இளம் மருத்துவர் ஒரு மாதத்தில் ராஜினாமா செய்துவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். விசாரணையில் அவரும் போட்டோ விஷயத்தைச் சொல்லவில்லை. கேட்டுவிட்டு எடுக்காமல் இருந்தது அவருக்கும் அவமானமாக இருந்திருக்கும். எனக்கு அந்தப் பூட்டு மென்பொருள் கிடைத்தது. இழுத்தடித்த நிர்வாகம் ஒரே வாரத்தில் கையெழுத்துப் போட்டது. கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததற்காக ஊழியர் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்கள். கை தட்டினார்கள். எழுந்து நின்று கும்பிட்டேன்.

அதற்குப் பிறகும் நாலு வருடம் உங்கள் நடுவில் வேலை பார்த்தேன். ஏச்சைக் குறைத்துக்கொண்டேன் என்பது உண்மை. ‘சார் வயசாக வயசாக மெத்தனமாயிட்டார்’ என்று நீங்கள் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். யாராவது டேப்லெட்டில் எதையாவது போட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டால், முதல் வேலையாக “சொன்னதுக்கு நன்றி” என்று சொல்லப் பழகினேன். போனில் “என்ன போட்டீங்க?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “மேலேர்ந்து இழுத்து, என்ன பேரு இருக்கோ அப்படியே வாசிங்க” என்று கேட்கப் பழகினேன். படம் போகவில்லை என்றால் முதலில் எந்த வழியிலாவது படத்தை அனுப்புங்கள், டேப்லெட்டைப் பிறகு பார்க்கலாம் என்று சுற்றறிக்கையைத் திருத்தினேன். ஏன் திருத்தினேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. நீங்கள் காரணம் தெரியாமலே அந்த விதியைப் பின்பற்றுகிறீர்கள். அது போதாது என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

போன வாரம் அந்தச் சிரிக்கும் முகத்தைப் போட்ட மறுநாள் பஸ் ஏறி சகாயராணியின் ஊருக்குப் போனேன். விசாரித்ததில், அவள் நர்ஸ் வேலையை விட்டே விட்டாள் என்றும் கடற்கரையில் ஓர் ஐஸ் கம்பெனியில் இருக்கிறாள் என்றும் சொன்னார்கள். படகுகளுக்கு ஐஸ் அரைத்துப் போடும் இடம். ரப்பர் செருப்பும் நனைந்த சேலை ஓரமுமாக வந்து நின்றாள். என்னைக் கண்டதும் பயந்தாள். இத்தனை வருடம் கழித்தும், அவள் முகத்தில் முதலில் வந்தது பயம்தான். பிறகு, “வாங்க சார், அங்கன நெழல்ல இருங்க” என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடையில் சர்பத் வாங்கி வந்தாள்.

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். அறிக்கையில் நான் எதையெல்லாம் மறைத்தேன் என்று சொன்னேன். அந்தக் கடிதத்தைப் போட்டு உங்களையெல்லாம் மிரட்டி வைத்தவன் நான், அதனால்தான் நீங்கள் மறைத்தீர்கள், தப்பு உங்களுடையது இல்லை என்றேன். அவள் முடியும்வரை கேட்டாள்.

“சார், ஒண்ணு கேக்கேன். நீங்க மொதல்ல கேட்டப்பவே நான் உண்மையச் சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?”

பொய் சொல்ல மனம் வரவில்லை. “ஏசியிருப்பேன்” என்றேன்.

“எம்புட்டு நேரம்?”

“அஞ்சு நிமிசம். மிஞ்சிப் போனா பத்து நிமிசம்.”

“அதுக்குப் பெறவு எப்படி எடுக்கதுன்னு சொல்லியிருப்பீங்கல்லா?”

“சொல்லியிருப்பேன்மா.”

அவள் கையிலிருந்த ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். “அப்ப அவருக்கு முப்பது நிமிசம் மிச்சம் இருந்திருக்கும் சார். பத்து நிமிசம் ஏச்சு வாங்கப் பயந்துகிட்டு அந்த மனுசனைச் சாகக் குடுத்துட்டேன். நீங்க ஏசுனா ஏசிட்டுப் போறீங்க. என்னத்த கொறஞ்சிருவேன்? இதத்தான் நான் தெனமும் நெனைக்கேன். நீங்க வந்து இது ஒன் தப்பு இல்லன்னு சொன்னா அது போயிருமா சார்?”

அவள் தலையிலிருந்து அந்தப் பாரத்தை இறக்கிவைக்கப் போனவன் நான். போகும் வழியெல்லாம் அவள் அழுவாள், நான் ஆறுதல் சொல்வேன் என்று நினைத்திருந்தேன். அவள் அழவே இல்லை. அழுது முடித்துப் பல வருடம் ஆனவளாக இருந்தாள்.

உள்ளேயிருந்து அவளை யாரோ கூப்பிட்டார்கள். “இந்தா வாரேன்” என்று குரல் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“வேலை போன மறு மாசமே நான் தங்கராஜ் அண்ணன் வீட்டுக்குப் போனேன் சார். அந்த அக்காகிட்ட, இன்ன மாதிரி நான்தான் போட்டேன், கேட்டதுக்குப் பொய் சொன்னேன்னு சொல்லிட்டேன். அடிப்பாங்கன்னுதான் போனேன். அவுக கதவைச் சாத்திட்டாவ. இப்பவும் வருசா வருசம் அவரு நெனப்பு நாளுல கோயில்ல பூசை வைக்கேன். அந்த அக்கா என்னையப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிடுவாவ.” சர்பத் டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “நீங்க அந்த வீட்டுக்குப் போனீங்களா சார்?”

“இல்லம்மா” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். குத்திக் காட்ட அவள் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “பைய போங்க சார், வெயிலு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தங்கராஜின் வீடு அங்கிருந்து ஒரு பஸ் தூரம்தான். நான் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். நாலு நாள் ஆகிறது. மன்னிக்கக்கூடிய ஆளாகப் பார்த்துத்தான் சகாயராணியிடம் போயிருக்கிறேன் என்பது இப்போதுதான் எனக்கே புரிகிறது. இதை உங்களுக்கு எழுதுவதும் அந்த வகைதான். நீங்கள் என் முகத்தில் கதவைச் சாத்த மாட்டீர்கள். தங்கராஜின் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குப் போகிறேன் என்று இங்கே எழுதினால் என்னை நல்ல மனிதன் என்று நினைப்பீர்கள்; அதனால் எழுதவில்லை.